அமெரிக்க அண்ணாவோடு எதைக் கதைப்பது?

கேள்வி:

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரத்தில் வசிக்கிறேன். 1998இல் நானும் கணவரும் எல்லையில் உள்ள அமெரிக்க நகரமான பஃபலோ வழியாகக் கனடாவுக்கு வந்தோம். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து அங்கேயே வேலை எடுத்திருந்த என் அண்ணாதான் எங்களைக் காரில் ஏற்றிவந்து எல்லைப் பாலத்தடியில் விட்டவர். அவர் இப்போது அமெரிக்கப் பிரசை. மிச்சிகனில், டிட்ரொயிட்டுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். 2024 தேர்தலில் ட்ரம்புக்கு வாக்களித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகவேண்டும் என்று ட்ரம்ப் சொன்ன கதை வந்தபோது, "அப்படி ஆனால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதினார். என் கணவர் அன்றே குழுவை விட்டு விலகிவிட்டார். அமெரிக்க மண்ணில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று நிற்கிறார்.

நான் திருப்பிக் கேட்டால், "கனடாக்காரர் உங்களைப் புனிதர்கள் என்று நினைக்கிறீர்கள். வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்காகக் காத்திருக்கிற நாட்டில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம்" என்கிறார் அண்ணா. என் 19 வயது மகனும் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிறான். வருகிற ஓகஸ்டில் அண்ணாவின் மகனுக்கு அங்கே கல்யாணம்.

நாங்கள் உண்மையிலேயே அவர்களைவிட வேறு மாதிரியான சனமா? இல்லை, அது வெறும் பெருமைக் கதையா? கல்யாணத்துக்குப் போவதா, விடுவதா?

மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணத்துக்குப் போங்கள். மற்றக் கேள்விக்கான பதில் நீளும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். ரொறன்ரோவில் ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக அரசறிவியல் படிப்பிக்கிறேன். லிபரல் சிந்தனை உள்ளவன். வைத்தியமும் கல்வியும் எல்லோருக்கும் பொதுவில் இருக்கவேண்டும், சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்கு பறிக்கக்கூடாது என்று நம்புகிறவன். 2021 ஜனவரி 6இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் ஒரு தேர்தல் முடிவைப் பலவந்தமாக மாற்றப் பார்த்தார்கள். அந்த நாள் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏறக்குறைய 1,500 பேருக்கு, பதவியேற்ற அன்றே ட்ரம்ப் மன்னிப்பு வழங்கியது பெரும் பிழை. உங்கள் அண்ணா எதிரில் இருந்தாலும் இதே சொல்லில்தான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்டது ட்ரம்பைப் பற்றி இல்லை. நாங்கள் வேறு மாதிரியான சனமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் முதலாம் வருட வகுப்பில் இதே கேள்வியை நான் கேட்பதுண்டு. "கனடியர்கள் இரக்கமானவர்கள், அமெரிக்கர்களுக்குத் தங்கள் காரியம்தான் பெரிது" என்று இரண்டொரு பிள்ளைகளாவது உடனே கையை உயர்த்திச் சொல்லிவிடுவார்கள். அவர்களை நான் 1962ஆம் ஆண்டுச் சஸ்காச்சுவானுக்குக் கூட்டிப்போவேன்.

கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதி அந்த மாகாணத்தில்தான் தொடங்கியது, 1962 ஜூலை 1இல். தொடங்கிய அன்றே அந்த மாகாணத்து வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபத்து மூன்று நாள் நடந்தது. "எங்கள் வைத்தியர்களை எங்களுக்கு விடுங்கள்" என்று தாய்மார் குழு அமைத்தார்கள். மாகாணத் தலைநகர் றெஜைனாவில் சட்டமன்றத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூடிக் கத்தினார்கள். பிரிட்டனிலிருந்து வைத்தியர்களை வரவழைத்துத்தான் அரசாங்கம் சமாளித்தது. திட்டத்துக்கு வழிபோட்ட முன்னாள் மாகாண முதல்வர் டொமி டக்ளஸ், அதற்குச் சில நாள் முன்னால் நடந்த மத்திய தேர்தலில் அதே றெஜைனாவில் தோற்றுப்போனார். 2004இல் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் மிகச் சிறந்த கனடியர் என்று நாங்கள் தேர்ந்தெடுத்தோமே, அந்த டக்ளஸ்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஹரி ட்ரூமன் 1945இலேயே, ஜனாதிபதியாக இருந்தபடி, நாடு முழுவதுக்கும் பொதுக் காப்புறுதி வேண்டும் என்று காங்கிரஸிடம் கேட்டார். அமெரிக்க வைத்தியர் சங்கம் அது சோசலிசம் என்று சொல்லிக் காசை அள்ளி இறைத்து எதிர்த்தது. திட்டம் செத்துப்போனது. இரண்டு பக்கமும் சனத்துக்கு அதே பயம், வைத்தியர்களுக்கு அதே கோபம். பிறகு ஏன் இங்கே நின்றது, அங்கே விழுந்தது?

சஸ்காச்சுவானில் ஆளுங்கட்சி 1960 தேர்தலில் பாதிக்கும் குறைந்த வாக்குத்தான் எடுத்திருந்தது. ஆனால் நாடாளுமன்ற முறையில் ஆசனப் பெரும்பான்மை கையில் இருந்தால் சட்டத்தை நிறைவேற்றலாம்; சனம் கத்தினாலும் அடுத்த தேர்தல் வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் ஆட்களுக்கு அது பழகிவிட்டது. மத்திய அரசு 1966இல் சட்டம் போட, சில வருடங்களில் எல்லா மாகாணமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் ஒரு சட்டம் கீழ்ச்சபை, செனட், ஜனாதிபதி என்று மூன்று வாசல் தாண்டி, கடைசியில் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவேண்டும். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 100க்கு 60 பேர் வேண்டும். ஒபாமாவின் மருத்துவச் சட்டம் 2009 டிசம்பர் 24ஆம் திகதி காலை 60க்கு 39 என்று செனட்டைத் தாண்டியது. ஓர் ஆள் மாறியிருந்தால் அதுவும் இல்லை. அந்த 60ஐத் தக்கவைப்பதற்காகவே அரசாங்கக் காப்புறுதி என்ற பகுதியைச் சட்டத்திலிருந்து கழற்றினார்கள்.

ஒஹாயோவில் என் சித்தப்பாவின் மகன் இருக்கிறான். அவன் வீட்டுக் குசினியில் ஒரு லாச்சி முழுக்கக் கடித உறைகள். காப்புறுதிக் கம்பனி அனுப்புவது. உள்ளே மேலே தடித்த எழுத்தில் "இது பில் இல்லை" என்று போட்டிருக்கும். கீழே வைத்தியசாலை கேட்ட தொகை, கம்பனி ஒத்துக்கொண்ட தொகை, இவன் கட்டவேண்டி வரக்கூடிய தொகை என்று மூன்று நிரல். உண்மையான பில் பிறகு வேறாக வரும். மகனுக்குக் கை முறிந்த கதையை அவன் மனைவி என்னிடம் சொன்னபோது, விழுந்ததைப் பற்றி இரண்டு வசனம்தான் சொன்னாள். அந்த உறைகளைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னாள். இருவருக்கும் நல்ல வேலை, நல்ல காப்புறுதி. அவர்கள் நிலையே இப்படி என்றால், காப்புறுதியே இல்லாத இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி அண்ணாவின் பக்கத்துக்கு வருவோம். காத்திருப்பு பற்றி அவர் சொல்வது உண்மை. போன வருடம் என் அம்மாவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். பதினொரு மணித்தியாலம், நடைபாதையில் தள்ளுகட்டிலில். எண்பத்து மூன்று வயது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் தன் போர்வையை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா இப்போது நலம். காசும் ஒரு சதம் கட்டவில்லை. ஆனால் அந்த இரவை நான் யாருக்கும் பெருமையாகச் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் இலட்சக்கணக்கானவர்களுக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் வைத்தியசாலையையும் வைத்தியரையும்தான் கட்டாயமாக உள்ளே எடுத்தது; வீட்டில் குடிக்கும் மருந்து வெளியே நின்றுவிட்டது. இன்றைக்கும் பாதி வெளியேதான் நிற்கிறது.

இவற்றைத் திருத்தாமல் நாங்கள் இத்தனை காலம் இழுத்தடித்ததற்கு ஒரு காரணம், "அமெரிக்காவைவிடப் பரவாயில்லை" என்ற ஆறுதல். என் பார்வையில் இந்த வசனம் கனடாவுக்குச் செய்த கெடுதி கொஞ்சமல்ல. பிரான்சோடும் நெதர்லாந்தோடும் அவுஸ்திரேலியாவோடும் ஒப்பிட்டிருந்தால் நாங்கள் எப்போதோ வெட்கப்பட்டு வேலையைத் தொடங்கியிருப்போம். அண்ணா உங்களைப் புனிதர் என்று குத்துவது இந்த இடத்தில்தான் வலிக்கிறது, சகோதரி. வலிக்கட்டும். அதை ஒத்துக்கொண்டு பேசினால் அவரும் அந்த உறைகளைப் பற்றி வாய் திறக்கக்கூடும்.

துப்பாக்கிக் கதையும் அப்படித்தான். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் இருபது சின்னப் பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் சட்டம் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை இருந்தும் 60 இல்லாததால் தோற்றது. ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், நாலு கோடிக்குக் கிட்ட இருக்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு ஆசனம். "அமெரிக்கர்களுக்குத் தங்கள் பிள்ளைகள்மேல் பாசமில்லையா?" என்று இங்கே ஆட்கள் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் செனட்டர்களின் அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

எங்களிடம் 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டபோது, இரண்டு கிழமைக்குள் அமைச்சரவை ஒரே ஆணையில் 1,500 வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. நான் அதை வரவேற்றேன். ஆனால் ஓர் அமைச்சரவை இவ்வளவு விரைவாக நல்லது செய்யமுடியும் என்றால், அதே விரைவில் கெட்டதும் செய்யமுடியும். 1970 ஒக்டோபரில் கியூபெக்கில் நடந்த ஆட்கடத்தல்களுக்குப் பதிலாகப் போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஏறக்குறைய 500 பேரைக் குற்றச்சாட்டு இல்லாமலே பிடித்து அடைத்தது பியர் ட்ரூடோவின் லிபரல் அரசாங்கம். அமெரிக்கர்கள் தங்கள் அரசாங்கத்தின் கையைக் கட்டி வைத்திருப்பதற்கும் நியாயம் இருக்கிறது. மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று உங்கள் மகன் சொன்னால், ஒருவேளை அவன் இதைத்தான் உணர்கிறானோ என்னவோ. அவனை அதட்டாமல் கேட்டுப் பாருங்கள்.

தேர்தல் முறையில் எனக்குக் கனடாமேல் உண்மையான பற்று உண்டு, மறைக்கமாட்டேன். 2025 ஏப்ரல் 28இல் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்குச்சாவடி வேலை செய்தேன். இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டினோம். மட்டைப் பெட்டியின் முத்திரையை உடைத்து, மடித்த சீட்டுகளை மேசையில் கொட்டினோம். ஒவ்வொன்றாக விரித்து, கட்சிப் பிரதிநிதிகளுக்குக் காட்டி, பெயரைச் சத்தமாக வாசித்து, மற்றவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் பென்சிலால் போட்ட அடையாளம். லிபரல் பிரதிநிதியும் கன்சர்வேட்டிவ் பிரதிநிதியும் ஒரே பெட்டி டோனட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். எண்ணிக்கை முடிந்ததும் இருவரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். தொகுதி எல்லைகளைக் கட்சிகள் வரைவதில்லை. 1964 முதல் சுதந்திர ஆணைக்குழுக்கள் வரைகின்றன. தொழிற்சங்கமும் கம்பனியும் மத்திய கட்சிகளுக்குக் காசு கொடுக்கமுடியாது. அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே எல்லையை வளைத்து வளைத்துக் கீறுகிறது. 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கம்பனிகள் தேர்தலுக்காக அளவில்லாமல் செலவழிக்கலாம் என்றாகிவிட்டது.

ஆனால் உங்கள் அண்ணா இருக்கும் மிச்சிகனிலேயே 2018இல் என்ன நடந்தது தெரியுமா? சாதாரண ஆட்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி ஒரு குடிமக்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் பிரேரணையைத் தேர்தலில் வைத்து வென்றார்கள். 2022இல் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அதே மிச்சிகன்தான் 2024இல் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் ட்ரம்புக்குப் போனது. அண்ணாவின் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு மற்றப் பக்கம் வாக்களித்திருக்கும். "அமெரிக்கர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இவர்களையெல்லாம் எங்கே வைப்பது? எங்கள் பக்கமும் கணக்குச் சுத்தமில்லை. 2019இலும் 2021இலும் கன்சர்வேட்டிவ் கட்சிதான் நாடு முழுவதும் கூடுதல் வாக்கு எடுத்தது. ஆட்சி அமைத்தது நான் ஆதரித்த லிபரல் கட்சி. 2016இல் ஹிலரி கிளின்டன் கூடுதல் வாக்கு எடுத்தும் தோற்றதை அநியாயம் என்று சொன்ன என் நண்பர்கள், இதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

இப்போது அண்ணாவின் அந்த வட்ஸ்அப் கேள்வி. 51ஆவது மாநிலம் ஆனால் என்ன குறைந்துவிடும்? கோபப்படாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. இதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஆளுக்குச் சொல்லும் பதில் என்னிடம் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. கனடாவிலிருந்து பிரிவதா என்று கியூபெக் மக்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.58 வீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 வீதம். வித்தியாசம் ஏறக்குறைய 54,000 வாக்கு. நாடு உடைந்துபோக இருந்த இரவு அது. வாக்குப் பெட்டியைக் காவல்காக்க இராணுவம் வரவில்லை. அந்த நேரம் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் அதிகாரபூர்வ எதிர்க்கட்சி எது? பிரிவினையைக் கொள்கையாகக் கொண்ட புளொக் கியூபெக்குவா. அதன் தலைவர் லூசியன் பூஷார், எதிர்க்கட்சித் தலைவருக்குரிய எல்லா மரியாதையோடும் அங்கே இருந்தார்.

1977இல் கொழும்பில், தனிநாடு கேட்டு வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டாலும் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1983 ஜூலையில் எங்கள் வீடுகள் எரிந்தன. ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாடு என்று பேசினாலே குற்றம் என்றார்கள். அதற்கான சத்தியப்பிரமாணத்தைச் செய்யாததால் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். பேச்சுக்கு இடமில்லாமல் போன பிறகு என்ன வந்தது என்பதை நான் உங்களுக்கு எழுதவேண்டியதில்லை. 1995இல் நான் இங்கே ஒரு கடைக்கு மேல் அறையில் மூன்று பேரோடு இருந்தேன். அந்த இரவு தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன், "நாளைக்குக் கலவரம் வருமோ?" என்று கேட்டான். அடுத்த நாள் காலை எல்லோரும் வேலைக்குப் போனோம். பஸ் நேரத்துக்கு வந்தது.

ஒரு மாகாணம் போகிறேன் என்று சொல்லலாம், அதை வாக்கால் தீர்க்கலாம் என்ற வழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அதற்குச் சட்டமே எழுதினார்கள். அமெரிக்காவில் அந்தக் கேள்வி உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சாவோடு முடிந்தது. மாநிலம் பிரிய உரிமையில்லை என்று 1869இல் அவர்களின் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 51ஆவது மாநிலமானால் குறைவது இதுதான். போக வழியில்லாத வீட்டுக்குள், எங்களைக் கேட்காமல் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள். இப்படி அண்ணாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்காமல் போகாது.

இந்த வழக்கத்தையும் எங்கள் இரத்தத்தில் ஊறிய குணமாக எண்ணிவிடாதீர்கள். இதே நாடு பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்து விடுதிப் பள்ளிகளில் போட்டு, 1990களில்தான் கடைசிப் பள்ளியை மூடியது. இதே கியூபெக் 2019இல் ஒரு சட்டம் போட்டு, தலைமறைப்போ தலைப்பாகையோ அணிந்தவர் அரசாங்கப் பள்ளியில் புதிதாக ஆசிரியராக முடியாமல் செய்தது. உரிமைச் சாசனத்தை ஒதுக்கிவைக்க, அந்தச் சாசனத்திலேயே உள்ள 33ஆம் பிரிவைப் பயன்படுத்தியது.

எங்கள் சனத்தின் கதையிலேயே இது தெரியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். பிரதமர் மல்ரோனி கன்சர்வேட்டிவ்காரர். அவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்றார். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. கப்பல் கரைக்கு வருமுன்பே ஆட்கடத்தல், பயங்கரவாதம் என்று அமைச்சர்கள் பேசினார்கள். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் மாதக்கணக்காகத் தடுப்பில் இருந்தார்கள். அதே நாடு, அதே ஓகஸ்ட் மாதம், அதே தமிழர். இந்த 24 வருடத்தில் கனடியர்களின் மனம் எந்தப் பக்கம் போயிருந்தாலும், ஒன்று மட்டும் அசையவில்லை. இந்த மண்ணில் நிற்கும் எந்த அகதிக்கும் தன் வழக்கை நேரில் சொல்ல உரிமை உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பால்தான் சன் சீயில் வந்தவர்களின் கதையையும் கேட்கவேண்டி வந்தது. பலர் அகதிகளாக ஏற்கப்பட்டார்கள். இன்று இங்கே வாழ்கிறார்கள்.

நீங்களும் 1998இல் பாலத்தைக் கடந்து வந்து அந்த உரிமையைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். இன்றைக்கு ஒரு குடும்பம் அதே பஃபலோவிலிருந்து அதே பாலத்தால் வந்து அகதி என்று சொன்னால், இங்கே நெருங்கிய உறவினர் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கனடா அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவோடு செய்து, 2004 கடைசியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. 2023 மார்ச்சில் அதை எல்லை முழுவதுக்கும் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டது லிபரல் அரசாங்கம். அமெரிக்கா அகதிகளுக்குப் பாதுகாப்பான நாடு என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. ட்ரம்பின் அமெரிக்காவைப் பார்த்துக் கோபப்படும் நாங்கள், அந்த ஒரு விடயத்தில் மட்டும் அதை நம்பி ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. என் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு தரம் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். 2025 மார்ச்சில் வரிப் போர் தொடங்கியபோது ஒன்ராறியோவின் அரசாங்க மதுக்கடைகள் அமெரிக்கப் போத்தல்களைத் தட்டிலிருந்து இறக்கின. நானும் புளோரிடாப் பயணத்தை விட்டேன், கடையில் தோடம்பழம் வாங்கும்போது எந்த நாடு என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். அவர் அதையெல்லாம் தொடரட்டும். ஆனால் மருமகனின் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வாஷிங்டனில் ஒருவருக்கும் அது தெரியப்போவதில்லை. தெரியப்போவது அந்தப் பெடியனுக்கும் அவன் தாய்க்கும்தான். மாப்பிள்ளைக்கு நீங்கள் மாமி. ஆராத்தித் தட்டோடு நிற்கவேண்டியவர்களில் ஒருவர். கணவருக்கு மனம் ஒப்பவே இல்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்களும் மகனும் போங்கள். நாலரை மணித்தியால ஓட்டம்தானே, வின்ட்சரில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பாலத்தில் ஏறலாம்.

கல்யாண வீட்டில் அரசியல் கதைக்கவேண்டாம். அடுத்த நாள், வந்தவர்கள் போய், வீட்டில் மிஞ்சிய பலகாரத்தோடு நீங்கள் இருவரும் இருக்கும்போது, 1998இல் பாலத்தடியில் உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகையில் அவருக்கு என்ன இருந்தது என்று கேளுங்கள். ஏன் அவரும் அந்தப் பாலத்தைக் கடக்கவில்லை என்றும் கேளுங்கள். வேலையா, விசாவா, இல்லை அமெரிக்காமேல் அப்போதே ஓர் ஆசையா? மகனும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த பிறகு, அண்ணா என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்